ரிசார்ட் படகுத்துறைக் கட்டணம்: வெளி டைவ் நிறுவனத்தோடு கடலில் இறங்கப் போகிறவர்களுக்கு

சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சி முடித்து, சான்றிதழ் கைக்கு வந்து, முதல் டைவிங் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முன்பதிவுகளைத் தனித்தனியாகச் செய்கிறார்கள். கடலோர ரிசார்ட்டில் ஓர் அறை. நண்பர்கள் பரிந்துரைத்த ஒரு சிறு டைவ் நிறுவனத்தில் படகில் இடம். இந்த இரண்டும் சந்திக்கிற இடம் ரிசார்ட்டின் படகுத்துறை என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது டைவ் நிறுவனத்திடமிருந்து செய்தி வரும்: "உங்கள் ரிசார்ட் துறையில் ஆள் ஏற்றத் தலைக்குக் கட்டணம் கேட்கிறார்கள். நீங்கள் பொதுத் துறைக்கு வந்துவிட முடியுமா?"

அந்தச் செய்தியைப் பார்த்ததும் டைவ் நிறுவனம் கூடுதலாகப் பணம் பறிக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போவதே இல்லை. இந்தக் கட்டணம் என்ன, யார் யாருக்குக் கொடுப்பது, சிறு நிறுவனத்தை அது எப்படி நெருக்குகிறது, அறை பதிவு செய்வதற்கு முன்பே நீங்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டணத்தை மறைவாக டைவ் நிறுவனத்தின் தலையில் ஏற்றுவதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொண்டு வெளிப்படையாக நீங்களே கொடுப்பது மேல். அல்லது அந்தத் துறையைத் தவிர்த்துவிடுவது மேல். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

எந்தக் கட்டணம் எது

டைவிங் பயணத்தில் உங்கள் பில்லில் மூன்று வகைக் கட்டணங்கள் ஒன்றோடொன்று குழம்பும். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடல் பூங்காக் கட்டணம் என்பது அரசோ, அரசு நியமித்த அமைப்போ பவளப் பாறைத்திட்டுகளைப் பாதுகாக்க வசூலிப்பது. மெக்சிகோவின் கொசுமெல் தீவையொட்டிய பவளப்பாறைப் பகுதி 1996-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரீபியக் கடலின் போனேர் தீவில் 1979 முதல் கடல் பூங்கா இருக்கிறது. இத்தகைய இடங்களில் யாரோடு போனாலும் இந்தக் கட்டணம் உண்டு. மறுக்காமல் கொடுங்கள், படகுகளைக் கட்டும் மிதவைகளைப் பராமரிப்பது, ரோந்து போவது எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது.

துறைமுகக் கட்டணம் என்பது பொதுத் துறையையோ படகு நிறுத்துமிடத்தையோ பயன்படுத்துவதற்கானது. பொதுவாகச் சிறிய தொகை. பெரும்பாலும் டைவ் விலைக்குள்ளேயே அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் நம் விஷயம். ரிசார்ட் தன் சொந்தத் துறையில் வெளிப் படகு வந்து விருந்தினரை ஏற்றிப் போவதற்கு விதிக்கும் கட்டணம். விமான நிலையத்துக்குள் வெளி வாடகைக் கார் வந்து ஆள் ஏற்றினால் தனியாக ஒரு தொகை வாங்குகிறார்களே, அந்த வகை. ஆனால் விமான நிலையத்தில் அது பலகையில் எழுதியிருக்கும். ரிசார்ட் துறைகளில் பெரும்பாலும் எழுதியிருக்காது.

இதன் வடிவங்களும் பல. தலைக்கு இவ்வளவு, ஒவ்வொரு முறையும். படகு ஒருமுறை துறையைத் தொட்டால் இவ்வளவு, எத்தனை பேர் ஏறினாலும். மாத ஒப்பந்தம், ஆண்டு ஒப்பந்தம். சில இடங்களில் விருந்தினரின் அறைக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். சில இடங்களில் கட்டணமே கிடையாது, தடைதான்: வெளிப் படகு வரவே கூடாது. இன்னும் சில இடங்களில் கட்டணம் ஒன்றும் இல்லை, ஆனால் காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரைதான் வரலாம், அதுவும் உள்ளே இருக்கும் டைவ் நிலையத்தின் படகுகள் புறப்பட்ட பிறகுதான் என்று நேரம் குறித்திருப்பார்கள். பணமில்லாத கட்டணம் என்று இதைச் சொல்லலாம். காலையின் அமைதியான நேரம் போய்விட்டால் சிறு நிறுவனத்துக்கு அதுவும் நஷ்டம்தான்.

ரிசார்ட்டின் பக்கம் என்ன நியாயம்

நியாயம் இருக்கிறது. கடலில் நிற்கும் துறை ஒவ்வொரு நாளும் தேய்கிற சொத்து. மரத்தூண்களைக் கப்பற்புழு எனப்படும் சிப்பியினம் உள்ளிருந்தே துளைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தூண் திடமாகத்தான் தெரியும். கான்கிரீட் தூணில் உப்பு ஊறி உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். ஏணி, கயிறு கட்டும் முளைகள், படகு மோதாமல் தடுக்கும் ரப்பர் அணைகள், விளக்கு, காவலாள் என்று செலவு தொடர்கிறது. புயல் வந்தால் எல்லாம் போகும். 2005 அக்டோபரில் வில்மா சூறாவளி கொசுமெலை மணிக்கணக்கில் ஏறக்குறைய நகராமல் அடித்தபோது பெரிய கப்பல் துறைகளே கடும் சேதமடைந்தன. போதாததற்கு, துறையில் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு ரிசார்ட்டின் மேல்தான் வரும்.

ஆகவே படகு வந்து போவதற்கு ஒரு நியாயமான தொகை வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். வெளி நிறுவனத்திடம் காப்பீட்டுச் சான்று கேட்பதும் சரியே.

நியாயம் முடிகிற இடம் வேறு. ரிசார்ட்டுக்குள் இருக்கும் டைவ் நிலையம் பல சமயம் ரிசார்ட்டுக்கே சொந்தமானதாக இருக்காது. வேறொரு நிறுவனம் வாடகையும் வருமானத்தில் பங்கும் கொடுத்து அங்கே நடத்தும். இவ்வளவு கொடுக்கிற எனக்கு விருந்தினர்கள் உறுதியாக வர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பைக் காப்பாற்றத் துறைக் கட்டணம் ஒரு வேலியாகிறது. துறைப் பராமரிப்புக்கு எவ்வளவு தேவை என்பதைப் பார்த்து வைத்த தொகை ஒன்று. விருந்தினர் வெளியே போக யோசிக்கட்டும் என்று வைத்த தொகை இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். இரண்டாவது வகைக்கு ஓர் அடையாளம் உண்டு: அதை எங்கும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், கேட்டால் ஆளுக்கு ஒரு தொகை சொல்வார்கள்.

உள்ளே வேலை செய்யும் பயிற்சியாளர்கள்மேல் இதற்காகக் கோபப்பட வேண்டாம். அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். கட்டணத்தை வைத்தது அவர்கள் இல்லை.

சிறு நிறுவனத்தின் கணக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உண்மையான விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஒருவர் காலைப் பயணத்துக்குக் கொடுக்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் உட்காரும் படகு. எரிபொருள், படகோட்டி, உதவியாள், நீருக்கடியில் கூட வரும் வழிகாட்டி, சிலிண்டரில் காற்று நிரப்புவது, படகுப் பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு பயணத்தின் செலவு 420 என்று கொள்வோம். இதில் பெரும்பகுதி மூன்று பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் மாறாது.

ஆறு பேர் வந்தால் வரவு 600, மிச்சம் 180. ஐந்து பேர் வந்தால் மிச்சம் 80. நான்கு பேர் என்றால் 20 நஷ்டம். சிறு நிறுவனங்கள் இப்படித்தான் ஓடுகின்றன: முழுப்படகு நாட்களின் லாபம் அரைப்படகு நாட்களின் நஷ்டத்தை ஈடுகட்டும்.

இப்போது ரிசார்ட் தலைக்கு 15 என்று கட்டணம் வைக்கிறது. டைவ் நிறுவனம் விலையை ஏற்றாமல் தானே ஏற்றுக்கொள்கிறது என்று வையுங்கள். ஆறு பேருக்கு 90, மிச்சம் பாதியாகிவிட்டது. ஐந்து பேருக்கு 75. மிச்சம் வெறும் 5. நான்கு பேருக்கு 60. நஷ்டம் 80 ஆகிறது. விருந்தினரின் கண்ணுக்கு 15 சதவீதமாகத் தெரிகிற தொகை, நிறுவனத்தின் பக்கம் ஐந்து பேர் வந்த நாளின் வருமானத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது.

படகுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தால் கதை வேறு விதமாகக் கெடும். பெரிய நிறுவனம் ஒரே ரிசார்ட்டிலிருந்து பன்னிரண்டு பேரை ஏற்றும். தலைக்குப் பங்கிட்டால் தொகை சிறியது. சிறு நிறுவனம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு பேர், அடுத்ததில் ஒருவர், அதற்கடுத்ததில் மூன்று பேர் என்று பொறுக்கி எடுத்துப் போகும். ஒவ்வொரு துறையிலும் முழுக் கட்டணம். ஆண்டு ஒப்பந்தமும் அப்படியே, பெரியவர்களுக்கே லாபம். காப்பீட்டிலும் இதே நிலை: ஒவ்வொரு ரிசார்ட்டும் தன் பெயரைக் காப்பீட்டுப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காகித வேலை, சில சமயம் ஒரு கூடுதல் தொகை.

நெருக்கடி வந்த நிறுவனத்துக்குச் சில வழிகள்தான் உண்டு. விலையை ஏற்றலாம், அப்போது உள்ளே இருக்கும் டைவ் நிலையத்தைவிடத் தானே மலிவு என்ற நிலை போய்விடும். அந்த ரிசார்ட்டில் தங்குகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று சொல்லலாம்; வாடிக்கையாளர் குறைவார்கள். அல்லது கண்ணுக்குத் தெரியாத இடங்களில் செலவைக் குறைக்கலாம். இந்த மூன்றாவது வழிதான் எனக்குக் கவலை. ஆறு பேர் போக வேண்டிய படகில் எட்டுப் பேர். உதவியாளை நிறுத்திவிட்டுப் படகோட்டி ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டிய காலத்தைத் தள்ளிப்போடுவது. முதலுதவி ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பாமல் விடுவது. எல்லா நிறுவனமும் இப்படிச் செய்யாது. நல்லவர்கள் படகை விற்றாலும் விற்பார்களே தவிர இதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் உங்கள் உயிரைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற ஒரு தொழிலை இந்த முடிவு எடுக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளுவதில் உங்கள் நலன் எதுவும் இல்லை.

முதல் படி: அறை பதிவு செய்வதற்கு முன் நிலப்படத்தைப் பாருங்கள்

துறைக் கட்டணத்தின் முக்கால்வாசிப் பிரச்சினை தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மூன்று இடங்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். நீங்கள் போகிற இடம் இவற்றில் எதற்கு நெருக்கம் என்று பாருங்கள்.

கொசுமெல் போன்ற தீவில் மேற்குக் கரை நெடுக விடுதிகள். பாறைத்திட்டுகள் தென்மேற்கில். நீரோட்டத்தோடு மிதந்து போகிற டைவிங் என்பதால் படகு பின்தொடர்ந்தே வர வேண்டும், படகில்லாமல் நடக்காது. படகுகள் நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பி, வழியில் துறை துறையாக ஆளை ஏற்றிக்கொண்டு பாறைத்திட்டுக்குப் போகும். துறைக் கட்டணம் பெரிதும் உறைக்கிற அமைப்பு இதுதான். ஆனால் மாற்றுவழியும் இங்கே உண்டு: நகரத்துக்குள் தங்கினால் பொதுத் துறைக்கோ படகு நிறுத்துமிடத்துக்கோ வாடகைக் காரில் போய்விடலாம்.

மாலத்தீவு வேறு வகை. 1972-இல் முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே அங்கே வழக்கம். தீவே ரிசார்ட்டிடம் குத்தகையில் இருக்கும்போது, அதன் துறைதான் தீவுக்குள் வருகிற ஒரே வாசல். வெளி டைவ் நிறுவனத்தோடு போவதென்பது அங்கே நடைமுறையில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி வந்தது. அந்தத் தீவுகளின் துறைமுகம் பொதுச் சொத்து. சுயேச்சையான டைவ் நிறுவனங்கள் தழைத்ததும் அங்கேதான். வெளி நிறுவனத்தோடு போக விரும்புகிறவர் மாலத்தீவில் ரிசார்ட்டை விட்டுவிட்டு அங்கே அறை எடுக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

போனேர் மூன்றாவது வகை. கரையிலிருந்து சில நிமிட நீச்சலில் பாறைத்திட்டு. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கல்லைப் பார்த்து நிறுத்தி, கரையிலிருந்தே இறங்கிவிடலாம். துறை யாருடையது என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது.

இரண்டாம் படி: ரிசார்ட்டுக்கு எழுதுங்கள்

தொலைபேசியில் கேட்காதீர்கள். வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் துறை விதிகள் தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்று சொல்லத் தயங்கி "பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிடுவார். மின்னஞ்சலில் எழுதுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். குறிப்பிட்ட நாட்களில் உங்கள் விடுதியில் தங்க எண்ணியிருக்கிறேன். வெளி டைவ் நிறுவனம் ஒன்றின் படகு உங்கள் துறையில் என்னைக் காலையில் ஏற்றி, மதியம் இறக்கிவிட அனுமதி உண்டா? அதற்குக் கட்டணம் எவ்வளவு, தலைக்கா படகுக்கா, ஒரு நாளைக்கா ஒவ்வொரு முறைக்குமா? யார் கொடுக்க வேண்டும்? நேரக் கட்டுப்பாடு, இரவு டைவ் தொடர்பான விதி ஏதேனும் உண்டா?"

"ஒவ்வொரு முறைக்குமா" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலையில் இரண்டு டைவ் போகும்போது, நடுவில் ஓய்வு நேரத்தில் சில படகுகள் சிலிண்டர் மாற்றக் கரைக்கு வரும். அந்த ஓய்வு உங்கள் ரிசார்ட் துறையில் கழிந்தால், ஏற்றியது ஒன்று, இறக்கியது ஒன்று, மீண்டும் ஏற்றியது ஒன்று என்று கணக்கு பெருகும். எல்லாச் சிலிண்டரையும் படகிலேயே கொண்டுபோகும் நிறுவனம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

அறையும் டைவிங்கும் சேர்ந்த தொகுப்பு விலையை ரிசார்ட் சொன்னால், அறைக்கு மட்டும் எவ்வளவு என்றும் கேளுங்கள். தொகுப்பில் "இலவசம்" என்று வரும் டைவ்களுக்கு நீங்கள் ஏற்கனவே பணம் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வெளி நிறுவனத்தோடு போனால் ஒரே காலைக்கு இரண்டு முறை செலவு.

மூன்றாம் படி: டைவ் நிறுவனத்திடம் பேசுங்கள்

நீங்கள் தங்கும் இடத்தின் பெயரை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு துறையின் குணமும் அவர்களுக்கு மனப்பாடம். எந்தத் துறையில் காவலாள் கண்டிப்பு, எதில் தாழ்நீர் நேரத்தில் படகு அணைய முடியாது, எதில் ஏணி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களிடமே தெரிந்துகொள்ளலாம்.

பிறகு நேராகக் கேளுங்கள்: "அங்கே துறைக் கட்டணம் இருந்தால் அதை நானே தருகிறேன். நீங்கள் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா, தனியா?" இந்த ஒரு வாக்கியம் பேச்சின் தன்மையையே மாற்றிவிடும். வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்று பயந்து கட்டணத்தைத் தாங்களே விழுங்கத் தயாராக இருக்கும் சிறு நிறுவனங்கள் அதிகம். அந்தப் பயத்தை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள்.

கூடவே பாதுகாப்புக் கேள்விகளையும் கேளுங்கள். படகில் முதலுதவி ஆக்சிஜன் இருக்கிறதா, எப்போது நிரப்பியது? வானொலித் தொடர்பு உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நாங்கள் நீருக்கடியில் இருக்கும்போது படகில் யார் இருப்பார்? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. பதிலில் இழுபறி தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்; சிறு நிறுவனம் என்பதற்காக இதில் சலுகை காட்ட வேண்டியதில்லை.

மோசமான காற்றடித்தால் துறைமுக அதிகாரி கடலை மூடிவிடுவார், அதாவது படகுகள் போகக் கூடாது என்று தடுத்துவிடுவார். கொசுமெலில் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும் நாட்களில் இது வழக்கம். அப்படிப் பயணம் ரத்தானால், முன்கூட்டியே கட்டிய துறைக் கட்டணம் திரும்புமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: மாற்றுவழியை எடைபோடுங்கள்

ரிசார்ட் துறைக் கட்டணம் அதிகம் என்றால் முதல் மாற்று, பொதுத் துறைக்கோ படகு நிறுத்துமிடத்துக்கோ நீங்களே போய்விடுவது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாடகைக் கார் பிடித்தால் பெரும்பாலும் அதுவே மலிவு. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. துறை துறையாக ஆள் ஏற்றும்போது முதலில் ஏறியவர் வெயிலிலும் ஆட்டத்திலும் வெகுநேரம் உட்கார வேண்டும். குமட்டல் அங்கேயே தொடங்கிவிடும். நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பினால், கருவிகளை நின்று நிதானமாகப் பூட்டிச் சரிபார்த்துவிட்டுப் புறப்படலாம்.

கனமான கருவிகளை எப்படித் தூக்கிப்போவது என்று மலைக்க வேண்டாம். பல சிறு நிறுவனங்கள் உங்கள் கருவிகளைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, மாலையில் நன்னீரில் அலசிக் காயவைத்து, மறுநாள் படகில் ஏற்றிவிடும். முகமூடியையும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கணினியையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். ரிசார்ட் துறையில் இருக்கும் அலசும் தொட்டியும் பெட்டகமும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் டைவ் நிலையத்தின் வாடிக்கையாளருக்கு மட்டுமே என்பதால், இந்த ஏற்பாடே நல்லது.

அருகில் கட்டணம் வாங்காத துறை ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். உணவகங்களின் துறை, மீனவர் துறை, பக்கத்துச் சிறு விடுதியின் துறை என்று பத்து நிமிட நடையில் ஏதாவது ஒன்று கிடைக்கலாம். அனுமதியை டைவ் நிறுவனம் வாங்கட்டும். நீங்களாகப் போய் நிற்க வேண்டாம்.

ஒரு வழியை மட்டும் முழுமூச்சாக எதிர்க்கிறேன். கட்டணத்தைத் தவிர்க்கப் படகு சற்றுத் தள்ளி நிற்க, விருந்தினர் கரையிலிருந்து நீந்திப் போய் ஏறுவது. சுற்றிலும் படகுகள் ஓடுகிற இடத்தில், நீர்மட்டத்தில் தெரிகிற ஒரு தலையை எந்தப் படகோட்டியும் எளிதில் பார்க்க மாட்டார். படகின் சுழலும் உந்திக்கு (புரொப்பெல்லர்) அருகில் ஏணி பிடிப்பது அதைவிட ஆபத்து. குளிப்பவர்களுக்காக மிதவை கட்டிப் பிரித்த பகுதிக்குள் படகு வருவதும் பல இடங்களில் சட்டப்படி குற்றம். இந்த ஆபத்துக்கு மிச்சம் பிடிக்கிற பணம் எந்த வகையிலும் ஈடாகாது.

கடற்கரை எல்லாருக்கும் பொதுதானே என்று சிலர் வாதிடுவார்கள். பல நாடுகளில் அது உண்மை. மெக்சிகோவில் கடற்கரை நாட்டின் சொத்து. 2020 அக்டோபரில் வந்த சட்டத் திருத்தம் பொதுமக்களைக் கரைக்குப் போகவிடாமல் தடுக்கிறவர்களுக்கு அபராதம் விதிக்க வகைசெய்தது. ஆனால் மணலில் நடக்கும் உரிமை, அனுமதி பெற்றுக் கட்டிய துறையில் படகு அணைக்கும் உரிமையாகிவிடாது. அந்த வாதத்தைக் காலையில் துறைக் காவலாளிடம் நடத்திப் பயனில்லை.

ஐந்தாம் படி: ஏறுகிற காலை

ரிசார்ட் துறையில்தான் ஏறுவதென்று முடிவானால், வெளிப் படகுக்கு அங்கே நிற்க நேரம் தரமாட்டார்கள். தொட்டதும் கிளம்ப வேண்டும். பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். காவலாளிடம் பெயரும் அறை எண்ணும் இருக்கும் பட்டியல் ஒன்று இருக்கலாம். முந்தைய மாலையே வரவேற்பில் சொல்லிவையுங்கள். ரிசார்ட்டின் மின்னஞ்சல் பதில் கைபேசியில் இருக்கட்டும்.

ஏறும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் அடிபடுவது இங்கேதான். படகு நெருங்கும்போது துறையின் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். படகைக் கையாலோ காலாலோ பிடித்து நிறுத்த முயலாதீர்கள். துறைக்கும் படகுக்கும் நடுவில் விரல் போனால் நசுங்கிவிடும். முதலில் பையைக் கொடுங்கள், கைகள் காலியாகட்டும். அலை படகை ஏற்றி இறக்கும். சில முறை பார்த்தால் அதன் தாளம் பிடிபடும். படகோட்டி "வாருங்கள்" என்று சொன்ன பிறகு, படகு மேலே ஏறி ஒரு கணம் நிற்கும்போது, அதன் தளத்தில் காலை வையுங்கள். குதிக்காதீர்கள். உதவியாளின் மணிக்கட்டைப் பிடியுங்கள், அவரும் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கட்டும். ஈரக் கையில் விரல் பிடி நழுவும். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர். பின்னால் வேறு படகு காத்திருந்தாலும், காவலாள் கையை ஆட்டி விரைவுபடுத்தினாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

துறையிலேயே யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: புறப்படுவதற்கு முந்தைய மாலை

அறைக் கணக்கை ஒரு நாள் முன்பே வாங்கிப் பாருங்கள். துறைக் கட்டணம் எத்தனை முறை ஏறியிருக்கிறது, கடல் மூடியிருந்த நாளுக்கும் சேர்த்திருக்கிறார்களா, நீங்களும் கொடுத்து டைவ் நிறுவனமும் கொடுத்து இரட்டிப்பாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இந்த மூன்றாவது தவறு எளிதில் நேரும். டைவ் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

பிறகு ரிசார்ட் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விருந்தினர் எழுதினால் படிப்பார்கள். டைவ் நிறுவனம் எழுதினால் போட்டியாளரின் புகாராகிவிடும். கோபம் வேண்டாம். மூன்று கோரிக்கைகள் போதும். துறைக் கட்டணத்தை அறை பதிவுப் பக்கத்திலும் துறையிலும் எழுதி வையுங்கள். ஆறு பேர் படகுக்கும் இருபது பேர் படகுக்கும் ஒரே தொகை வேண்டாம். படகின் அளவுக்கு ஏற்ப வையுங்கள். விருந்தினர் கடலுக்குப் போக முடியாத நாளுக்குக் கட்டணம் வாங்காதீர்கள். இந்தத் துறை வசதியும் கட்டணத் தெளிவும் இருந்தால் மீண்டும் இங்கேயே தங்குவேன் என்பது உண்மையானால் அதையும் சேர்த்து எழுதுங்கள். மேலாளரின் கையில் அந்த வரிக்குத்தான் எடை.

பயண அனுபவத்தை வெளியில் எழுதும்போது டைவ் விலையையும் துறைக் கட்டணத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டையும் கூட்டி "விலை அதிகம்" என்று எழுதினால் பழி சிறு நிறுவனத்தின்மேல் விழும். மேலாளரிடமிருந்து பதில் வந்தால் அதன் நகலை டைவ் நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த விருந்தினர் அதே ரிசார்ட்டிலிருந்து அழைக்கும்போது, கட்டணம் எவ்வளவு என்று சொல்ல அவர்களிடம் எழுத்தில் ஒரு சான்று இருக்கும்.